எரியாத கரி

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கத்தின் விஞ்ஞானக் குழுவினர் கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நிகழ்ச்சி நிரலில் எங்கள் உரையின் தலைப்பு ‘காபன் நனோப் பொருட்களும் மின்சக்திச் சேமிப்பும்’ என்று அச்சாகியிருக்கிறது. அதை வாசித்ததும் சிலர் தேநீர் எப்போது வரும் என்று வாசல் பக்கம் பார்த்ததை நாங்கள் கவனித்தோம். பயப்பட வேண்டாம். இந்த உரையை நாங்கள் மூவர் சேர்ந்து தயாரித்தோம். எங்களில் ஒருவர் பாடசாலையில் இரசாயனவியல் கற்பிக்கிறார், ஒருவர் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார், மற்றவர் மின்பொறியியல் படித்தவர். மூவருக்கும் விளங்கிய விஷயத்தை மட்டுமே இங்கு சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டோம்.

கரியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். கற்பிட்டியில் இருந்துகொண்டு கரியைப் பற்றி யாரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையம் இருக்கிறது. 2011 இல் முதலாவது இயந்திரம் இயங்கத் தொடங்கி, 2014 இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற்று என்றாயிற்று. அதற்கான நிலக்கரி கப்பலில் வந்து, கடலில் நின்றபடியே பாஜ்களில் மாற்றப்பட்டுக் கரைக்கு வருகிறது. கச்சான் காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இந்த வேலை நடக்காது. ஆகவே கடல் அமைதியாக இருக்கும் காலத்திலேயே கரியைக் கொண்டுவந்து முற்றத்தில் மலையாகக் குவித்து வைக்கிறார்கள். அந்தக் கரி மலையும் ஒரு மின்சாரச் சேமிப்புத்தான். ஆனால் அதை ஒரு தடவைதான் எடுக்கலாம். எரித்தால் சாம்பலும் புகையும் மிஞ்சும். அடுத்த வருடம் மறுபடியும் கப்பல் வர வேண்டும்.

அதே கச்சான் காற்று நிலக்கரிக் கப்பலை நிறுத்துகிற மாதங்களில்தான் எங்கள் காற்றாலைகள் நன்றாகச் சுழல்கின்றன. அம்பாந்தோட்டையில் 1999 இல் 3 மெகாவாற்றுப் பரீட்சார்த்தக் காற்றாலைகள் வந்தன. 2010 இல் எமது பக்கத்தில் மாம்புரியில் 10 மெகாவாற்று நிலையம் வந்தது. அதன் பின் மன்னாரில் 100 மெகாவாற்றுக்கும் மேல் வந்துவிட்டது. காற்றுக்கு விலை இல்லை. ஆனால் அது நாங்கள் சொல்கிற நேரத்துக்கு வீசாது. சூரியனும் அப்படியே, பகலில் வந்துவிட்டு விளக்கேற்றும் நேரத்தில் போய்விடுகிறது. இது சின்னப் பிரச்சினை அல்ல. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனதும், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததுதான் தொடக்கம் என்று செய்தி வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஊர் முழுக்கக் குரங்கைப் பற்றியே பேசினோம். ஆனால் அந்த நேரத்தில் நாட்டின் மின்பாவனை குறைவாகவும் சூரிய மின்சாரம் அதிகமாகவும் இருந்தன. ஒரு அதிர்ச்சியைத் தாங்கிப் பிடிக்க வலையமைப்பில் ஒன்றும் இருக்கவில்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைகளில் சூரியத் தகடு பொருத்தியவர்களைப் பகல் நேரத்தில் அவற்றை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் வேண்டாமென்று தள்ளிய மின்சாரத்துக்காக இரவில் எண்ணெயும் கரியும் எரிக்கிறோம்.

இறால் பண்ணை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருப்பீர்கள். குளத்து நீரில் ஒட்சிசன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்னர். காற்றூட்டும் இயந்திரம் அப்போது நின்றால் ஒரு போகமே மிதக்கும். மின்சாரத்தைச் சேமிப்பது என்றால் கைத்தொலைபேசிக்கு சார்ஜ் வைத்திருப்பது மட்டுமல்ல, கற்பிட்டிக்கு அது அதிகாலை மூன்று மணியின் விஷயம்.

சரி, இதில் கரி எங்கே வருகிறது? டோர்ச் பற்றரியை உடைத்து, நடுவிலிருக்கும் கறுத்தக் குச்சியை எடுத்துச் சுவரில் எழுதி அடி வாங்காதவர்கள் எங்கள் காலத்தில் குறைவு. அது காபன் குச்சி. பென்சிலின் கூரும் காபன்தான், களிமண் சேர்ந்த காரீயம். 6பீ பென்சிலால் தாளில் ஒரு தடித்த கோடு கீறி, 9 வோல்ற்றுப் பற்றரியையும் ஒரு சின்ன எல்.ஈ.டி. விளக்கையும் அந்தக் கோட்டின் ஊடாக இணைத்துப் பாருங்கள். விளக்கு மங்கலாக எரியும். உலோகம் அல்லாத ஒன்று மின்சாரத்தைக் கடத்துகிறது. அது துருப்பிடிப்பதில்லை, அமிலத்துக்கும் எளிதில் அசையாது. பற்றரி செய்பவர்கள் காபனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

காரீயம் எமது சொந்தச் சரக்கு. உலகில் பல நாடுகளில் காரீயம் செதில்களாகப் பாறையில் கலந்து கிடக்கிறது. இலங்கையில் அது பாறைப் பிளவுகளில் நாளங்களாக ஓடுகிறது. வெட்டி எடுக்கும்போதே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காபனாக இருக்கும் காரீயம் இங்கு கிடைக்கிறது. கேகாலை மாவட்டத்தில் போகல சுரங்கம். குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ சுரங்கம், 600 மீற்றர் ஆழம் வரை போகிறது. வடமேல் மாகாணம் என்று நாங்கள் சொல்லும்போது புத்தளத்தையும் தேங்காயையும் மட்டும் நினைக்கிறோம். கஹட்டகஹவும் எமது மாகாணம்தான். முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1916 இல், இந்தத் தீவு 30,000 டன்னுக்கு மேல் காரீயம் ஏற்றுமதி செய்தது. உருக்கும் பித்தளையும் உருக்குகிற மூசைகள் செய்ய அது வேண்டியிருந்தது. கொழும்புக் காரீயக் கொட்டில்களில் உட்கார்ந்து, கட்டிகளைத் துடைத்து, சலித்து, கையால் தரம் பிரித்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். அவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூசையின் பெயரும் லாபமும் வேறு நாட்டுக்குப் போயின.

இனி இலிதியம் பற்றரிக்கு வருவோம். காரீயம் புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்காக இருக்கும். இரண்டு தாள்களுக்கு இடையிலான தூரம் 0.335 நனோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏற்றும்போது இலிதியம் அயன்கள் இந்தத் தாள்களுக்கு இடையில் போய்த் தங்குகின்றன. ஆறு காபன் அணுவுக்கு ஓர் இலிதியம். பாவிக்கும்போது அவை வெளியேறி மறுபக்கம் போகின்றன. தாள் கிழிவதில்லை, எரிவதில்லை, பத்தில் ஒரு பங்கு வீங்கி மறுபடி சுருங்குகிறது, அவ்வளவுதான். ஆயிரம் தடவை வந்துபோகும் விருந்தாளிக்கு வாடகையில்லாமல் அறை கொடுக்கும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரைச்சோலையில் காபன் தன்னையே அழித்துச் சக்தி தருகிறது. பற்றரியில் அது இருந்த இடத்திலேயே இருந்து சக்தியைக் காக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள நெடுங்காலம் எடுத்தது. 1980 இல் மொறோக்கோவில் பிறந்த ரஷீத் யஸாமி, காரீயத்துக்குள் இலிதியம் போய்வர முடியும் என்று பிரான்சில் காட்டினார். 1991 இல் சோனி நிறுவனம் இலிதியம் அயன் பற்றரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019 இல் குட்இனஃப், விற்றிங்ஹம், யோஷினோ மூவருக்கும் இரசாயனவியல் நொபெல் பரிசு கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97. இளைப்பாறிய ரீச்சர்மார் கவனிக்கவும்.

ஆனால் இந்த மண்டபத்தில் நாங்கள் சொல்ல விரும்பும் பெயர் மில்ட்ரெட் ட்ரெசல்ஹவுஸ். 1930 இல் அமெரிக்காவில் ஏழைக் குடியேற்றக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். நான்கு பிள்ளைகளின் தாய். 1960 களில் பௌதிகவியலாளர் எல்லோரும் சிலிக்கன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் அதிகம் பேர் சீண்டாத காரீயத்தை எடுத்துக்கொண்டார். போட்டி குறைந்த துறை, பிள்ளைக்குச் சுகமில்லாமல் ஓரிரு நாள் பிந்தினாலும் ஒருவர் முந்திக்கொள்ள மாட்டார் என்ற நியாயமும் அந்தத் தெரிவில் இருந்தது. தாள்களுக்கு இடையில் வேறு அணுக்கள் புகும்போது காரீயத்துக்கு என்ன நடக்கிறது என்று வருடக்கணக்காக ஆராய்ந்தார். பின்னர் காபன் நனோக்குழாய்களின் இயல்புகளை முன்கூட்டியே கணித்தார். எம்.ஐ.டி.யில் மிக உயர்ந்த பேராசிரியர் பதவியை 1985 இல் பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண் அவர். ‘காபனின் ராணி’ என்று உலகம் அழைத்தது. 2017 இல் காலமானார்.

நனோ என்ற சொல்லை இப்போது சோப்பிலும் சீமெந்திலும்கூட எழுதுகிறார்கள். அதனால் இதைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். 2004 இல் மான்செஸ்டரில் கெய்ம், நொவோசெலொவ் இருவரும் காரீயத்தின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து, ஓரணுத் தடிப்பான ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் கிரபீன். 2010 இல் நொபெல் பரிசு. அந்தத் தாளைக் குழாயாகச் சுருட்டியது போன்றது நனோக்குழாய். இவற்றைப் பற்றரிக்குள் போட்டால் எல்லாம் பத்து மடங்காகிவிடும் என்று பத்திரிகைகள் எழுதின. அப்படி ஆகவில்லை. துகள் சிறுத்தால் அயனுக்குப் போகிற தூரம் குறையும், வேகமாகச் சார்ஜ் ஏறும், அது உண்மை. ஆனால் துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு கூடுகிறது. முதல் சார்ஜின்போது அந்த மேற்பரப்பு முழுவதும் ஒரு மெல்லிய படை படிகிறது. அந்தப் படையில் மாட்டிய இலிதியம் திரும்பி வராது. அதாவது வீட்டில் வாசல்களைக் கூட்டிக்கொண்டே போனால், விருந்தாளிகளில் பாதிப்பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

எனவே நனோக் காபனுக்கு இன்று கிடைத்திருக்கும் வேலை வேறு. நனோக்குழாயையும் கிரபீனையும் மிகச் சிறிய அளவில் சேர்த்து, துகளுக்குத் துகள் மின்சாரம் ஓடும் கம்பிபோலப் பாவிக்கிறார்கள். இன்னொரு வேலை சிலிக்கனுக்குத் துணைபோவது. ஒரு கிராம் காரீயம் அதிகபட்சம் 372 மில்லியம்பியர் மணித்தியாலம் ஏற்கும். சிலிக்கன் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஏற்கும், ஆனால் மூன்று மடங்குக்கு மேல் வீங்கித் தானே நொறுங்கிவிடும். நொறுங்காமல் பிடித்துவைக்கக் காபன் வலை வேண்டும். பெருமைக்குரிய வேலை இல்லைதான், ஆனால் அந்த வலை இல்லாமல் சிலிக்கன் பற்றரி இல்லை.

இலங்கையில் என்ன நடக்கிறது? 2008 இல் இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் தொடங்கப்பட்டது. எமது காரீயத்திலிருந்து கிரபீன் எடுக்கும் முறைகளை அங்கு உருவாக்கினார்கள். கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகம், பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இலங்கை நாளக் காரீயத்தை இலிதியம் பற்றரியின் மின்வாயாக்குவது பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். வெளிநாடுகளில் கேம்பிரிட்ஜில் கெஹான் அமரதுங்கவும் சறே பல்கலைக்கழகத்தில் ரவி சில்வாவும் நனோக் காபன் ஆய்வில் நன்கு அறியப்பட்ட இலங்கையர்.

காரீயம் இவ்வளவு தூயதாயின் நேரே பற்றரிக்குள் போடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. பற்றரிக்கு 99.95 வீதத் தூய்மை கேட்கிறார்கள். எஞ்சிய சொற்ப இரும்பும் செம்பும் பற்றரியைக் கெடுக்கும். பின்பு துகளை உருண்டையாக்க வேண்டும், மேலே வேறொரு காபன் பூச்சுப் பூச வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகளில் பல இந்த இடத்தில்தான் நிற்கின்றன: அமிலத்தாலோ காரத்தாலோ எப்படிக் கழுவுவது, மேற்பரப்பை எப்படி இலேசாக ஒட்சியேற்றுவது. உலகில் பற்றரிக்கான காரீயத்தைப் பதப்படுத்தும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் நடக்கிறது. 2023 டிசம்பர் முதல் அதை ஏற்றுமதி செய்ய அந்நாடு அனுமதிப்பத்திரம் கேட்கத் தொடங்கியதும், மின்கார் செய்கிற நாடுகள் எல்லாம் காரீயம் எங்கே எங்கே என்று தேடத் தொடங்கின. நூறு வருடத்துக்கு முன் நடந்ததுபோல் கட்டியாகவே ஏற்றிவிடுவோமா, கழுவி உருட்டிப் பூசவும் கற்றுக்கொள்வோமா என்பதுதான் இப்போதுள்ள கேள்வி. எங்கள் அபிப்பிராயத்தில் முதலாவதற்கு லொறியும் கப்பலும் போதும். இரண்டாவதற்கு இரசாயனவியல் படித்த பிள்ளைகள் வேண்டும்.

இப்போது எமது வளவுக்கே வருவோம், தேங்காய்ச் சிரட்டைக்கு. சிரட்டைக் கரியை நீராவியில் மறுபடி சூடாக்கினால் அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகும். ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீற்றரைத் தாண்டும். இந்தக் கல்லூரி மைதானத்தில் ஒரு நல்ல துண்டு, ஒரு கிராம் கரிக்குள். முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிக்குள் வைத்தது இதைத்தான். இன்று தண்ணீர் வடிகட்டியில் இருப்பதும், தங்கம் பிரித்தெடுக்கப் பாவிப்பதும் இதுதான். கண் இமைக்கும் நேரத்தில் சார்ஜை ஏற்றி இறக்கும் மீக்கொள்ளளவி என்ற சாதனத்துக்குள்ளும் இதே சிரட்டைக் கரியைப் பாவிக்கிறார்கள். இலங்கையின் ஏற்றுமதியில் இதற்கு நல்ல இடம் உண்டு.

சிரட்டைக்கு இன்னொரு குணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கதை றோசலின்ட் ஃபிராங்க்ளினுடையது. டி.என்.ஏ.யின் எக்ஸ்றே படத்தால் அவரை அறிந்திருப்பீர்கள். அதற்கு முன்னர் அவர் கரி படித்தவர். போர்க் காலத்தில் இங்கிலாந்தில் நிலக்கரியின் துளைகளை அளந்து, அதையே கலாநிதிப் பட்டத்துக்கு எழுதினார். பின்பு பாரிசில் பலவகைக் கரிகளை 3,000 பாகை வரை சூடாக்கி எக்ஸ்றேயில் பார்த்தார். சில கரிகள் ஒழுங்காக அடுக்கிக் காரீயமாகிவிடும், சில எவ்வளவு சூடாக்கினாலும் ஆகா என்று 1951 இல் எழுதினார். 1958 இல், 37 வயதில் இறந்துபோனார். அந்த அடங்காத கரிகளுக்கு இன்றைய பெயர் வன்காபன். சிரட்டையிலிருந்து வருவது அந்த இனம்.

அடங்காத கரி எதற்கு? சோடியத்துக்கு. சோடியம் அயன் இலிதியத்தைவிடப் பருத்தது. காரீயத் தாள்களுக்கு இடையில் அது ஒழுங்காகத் தங்காது. கோணல்மாணலாகக் கிடக்கும் வன்காபனின் இடுக்குகளில் தங்கும். சீனாவின் கட்ல் நிறுவனம் 2021 இல் சோடியம் அயன் பற்றரியை அறிமுகப்படுத்தியது. இலிதியம் பற்றரியைவிட இது பாரம் கூடியது, ஆகவே கைத்தொலைபேசிக்கு உவப்பில்லை. ஆனால் காற்றாலைக்குப் பக்கத்தில் கொள்கலன் அளவில் ஓரிடத்தில் வைத்துவிடும் பற்றரிக்குப் பாரம் ஒரு குறையா?

புத்தளம் உப்பை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. உப்பளத்திலிருந்து அள்ளிப் பற்றரிக்குள் போடலாம் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டாம். உப்பை முதலில் சோடியம் காபனேற்று போன்ற சேர்வையாக மாற்ற வேண்டும், அதற்கொரு இரசாயனத் தொழிற்சாலை வேண்டும். ஒரு காலத்தில் பரந்தனில் ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடா செய்த நாடுதான் இது. உப்பு, சிரட்டை, காற்று மூன்றும் ஒரே மாவட்டத்தில் கிடக்கின்றன. நடுவில் இல்லாதது படிப்பு.

எங்கள் வகுப்பில் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி பெற்றவர்கள் பதினொரு பேர். உயர்தரத்தில் இரசாயனவியல் படிப்பதென்றால் வெளியூரில் தங்க வேண்டும். வீட்டார் சம்மதித்த மூவர் போனோம். எட்டுப் பேர் போகவில்லை. அந்த எட்டுப் பேரில் ஒருத்தி எங்கள் மூவரையும்விடக் கணக்கில் கெட்டிக்காரி. இன்று அவள் இந்த மண்டபத்தில் இருக்கிறாள், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வாள். மகள் இப்போது தரம் 9 இல் படிக்கிறாள்.

நூற்றாண்டு நிதியைக் கொண்டு பிரதான வாசலுக்கு வளைவு கட்டுவதா, ஆய்வுகூடத்தைத் திருத்துவதா என்று சங்கத்தில் பேச்சு நடப்பது எல்லோருக்கும் தெரியும். வளைவு அழகானது, படம் எடுக்கலாம். எங்கள் வாக்கு ஆய்வுகூடத்துக்கு. மில்லிகிராம் காட்டும் ஒரு தராசு, ஒழுங்காக இயங்கும் புகைப்போக்கி அலுமாரி, பத்துப் பல்மானிகள், கண்ணாடிப் பாத்திரங்கள், இவற்றோடு வாரத்தில் இரண்டு பின்னேரம் உயர்தரப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியைக்கான வேன் செலவு. மதிப்பீட்டைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம், பார்த்துவிட்டுத் திட்டுவதானால் எங்களைத் திட்டுங்கள்.

தேநீர் நேரத்தில் ஆய்வுகூடப் பக்கம் ஒரு நடை வாருங்கள். தரம் 10 பிள்ளைகள் அலுமினியத் தாளின் மேல் புத்தளம் உப்புத் தண்ணீரில் நனைத்த கடதாசியை விரித்து, அதன் மேல் தண்ணீர் வடிகட்டியிலிருந்து எடுத்த சிரட்டைக் கரியைப் பொடித்துப் பரப்பியிருக்கிறார்கள். கரி காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிடித்துக் கொடுக்க, அலுமினியம் மெல்ல மெல்லக் கரைந்து மின்சாரம் தருகிறது. மறுபடி சார்ஜ் ஏற்ற முடியாத பற்றரிதான், ஆனால் மூன்று நான்கைத் தொடராக இணைத்து ஒரு சிவப்பு விளக்கை எரிய வைத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் எரியவில்லையாம். கரியை இன்னும் நன்றாக அழுத்த வேண்டுமா, உப்புப் போதாதா என்று காலையிலிருந்து சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.